கடற்பஞ்ச துணில பிழிஞ்சாலும் திரும்ப ஒட்டிக்குமாமே, நெசமா?

கீர்த்தி_02:
செகண்ட் இயர் ஜுவாலஜி படிக்கிறேன். நேத்து மேடம் சொன்னாங்க, கடற்பஞ்ச (ஸ்பாஞ்ச், கடலடில ஒட்டிக்கிட்டு வாழுற பிராணி) துணில போட்டுப் பிழிஞ்சு தனித்தனி செல்லா ஆக்குனாலும் அது தானா சேர்ந்து மறுபடி பஞ்சாயிடும்னு. அதுக்குள்ள பெல் அடிச்சிருச்சு, கேக்க முடியல. நரம்பு இல்ல, மூளை இல்ல, எந்த செல் எங்க போகணும்னு யாரு சொல்றா? பல்லி வால் முளைக்குதுன்னா மிச்சப் பல்லி இருக்கு, இங்க மிச்சமே இல்லையே??

பழைய லேப் ஆள்:
நெசம்தான்மா. 1907ல வில்சன்னு ஒரு அமெரிக்கர் பண்ணிக் காட்டுனாரு. மைக்ரோசியோனாங்கிற செவப்புப் பஞ்ச மெல்லிசான பட்டுத்துணி வழியா பிழிஞ்சாரு, அடில படிஞ்ச செல்லுங்க அமீபா மாதிரி ஊர்ந்து ஒண்ணோட ஒண்ணு மோதி ஒட்டி சின்னச் சின்ன உருண்டையாச்சு, நாளாக ஆக அதுக்குள்ளயே தண்ணி ஓடுற வாய்க்கால்லாம் வந்து குட்டிப் பஞ்சாவே ஆயிருச்சு. யாரும் சொல்ல வேணாம், செல்லு மேல சர்க்கரையும் புரதமும் சேர்ந்த ஒரு பசை இருக்கு, அது பிடிக்கணும்னா கால்சியம் வேணும். கால்சியம் மெக்னீசியம் இல்லாத உப்புத்தண்ணில போட்டுப் பாரு, பெருசா பிழியவே வேணாம், தானா கழண்டு வரும்.

உப்புக்காத்து:
அண்ணன் சொன்னது ஒட்டுற கதை. கீர்த்தி கேட்டது எங்க போகணும்னு எப்படித் தெரியும்னுதானே, பழைய இடத்துக்கே போகணும்னு அவசியமே இல்ல, அதான் விஷயம். பஞ்சு செல்லுக்கு பர்மனென்ட் வேலை கிடையாது. சாட்டை மாதிரி இருக்கிற வால ஆட்டித் தண்ணி இழுத்து பாக்டீரியா பிடிக்கிற கோயனோசைட்ங்கிற செல்லு, சாட்டைய விட்டுட்டு ஆர்க்கியோசைட்ங்கிற இன்னொரு வகை செல்லா மாறி நடுவுல சுத்தும், அந்த ஆர்க்கியோசைட் வேற எந்த வேலைக்கு வேணா போகும். ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப்ல இருக்கிற ஆம்ஃபிமெடான் பஞ்சுல எந்தெந்த ஜீன் வேலை செய்யுதுன்னு பாத்து 2019ல ஒரு பேப்பர் வந்துச்சு, அதுலயும் இதேதான். சும்மா இருக்கும்போதே இப்படித்தான், ஹாலிசார்கானு ஒரு பஞ்சுல கோயனோசைட் சுமார் 6 மணி நேரத்துக்கு ஒரு தடவ ரெண்டா பிரியுது, பழசெல்லாம் தண்ணில உதுந்து போயிடுது. எனக்கு இதுதான் பிழியிறத விட பெரிய ஆச்சரியம்.

பழைய லேப் ஆள்:
ஆமா, ஆனா எல்லாப் பஞ்சும் முழுசா திரும்ப வராது தம்பி. நெறைய இனம் உருண்டையோடயே நின்னுடும்.

கீர்த்தி_02:
ஓ அப்ப பழைய பஞ்சு திரும்ப வரல, அதே செல்லுங்க புதுசா ஒண்ணு கட்டுது, சரியா? ராமேஸ்வரம் போறப்ப ஒண்ணு எடுத்துட்டு வந்து பண்ணிப் பாக்கலாமா?

உப்புக்காத்து:
சரிதான். ஆனா அந்தப் பக்கத்து மன்னார் வளைகுடாத் தீவெல்லாம் தேசியப் பூங்கா, கை வைக்காத. கரைல கெடக்குறது செத்த கூடுதான், அதுல ஒட்ட செல்லே இருக்காது. நன்னீர்ப் பஞ்சு இருக்கே, குளத்துல கல்லு, கட்டைல ஒட்டியிருக்கும், கோடைல தண்ணி வத்துனா கடுகை விடச் சின்னதா ஜெம்யூல்னு உறக்கத்துல இருக்கிற மொட்டு விட்டுட்டுப் போகும், உள்ள பூரா ஆர்க்கியோசைட்தான். அத எடுத்து தண்ணில போட்டு வை, செல்லுங்க புதுப் பஞ்சு கட்டுறத பிழியாமலே பாத்துக்கலாம்.