ஆஸ்டினில் ஜி லீக் கூடைப்பந்து: முதல் தடவை போறோம், என்னென்ன கவனிக்கணும்?

சாட்ஸ்வொர்த் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க தென்னாப்பிரிக்காவுல டர்பன். ஸ்கூல் லீவில் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போறோம், டிசம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை. 12 வயசு மகள் நெட்பால் ஆடுறவ, கூடைப்பந்து நேர்ல பார்க்கணும்னு ஆசைப்படுறா. அஞ்சு பேருக்கு அங்கத்திய முதன்மை லீக்கான என்பிஏ டிக்கெட் கட்டுப்படியாகாது. ஆஸ்டின் ஸ்பர்ஸ்னு ஜி லீக் (என்பிஏவுக்கு அடுத்த நிலை லீக்) டீம் பக்கத்துலயே ஆடுதாம். எந்த நாள் போகலாம்? எந்த சீட்? ஆட்ட விதி வேற மாதிரியா? நாங்க மாடு, பன்றி சாப்பிட மாட்டோம், மாமியார் சுத்த சைவம்.

லெனேஷியா கோச்:
முதல்ல தேதி, அக்கா. உங்க பயணத்துல நடுவுல ஒரு ஓட்டை இருக்கு. கடந்த சில வருஷமா டிசம்பர் 19 முதல் 22 வரை எல்லா ஜி லீக் டீமும் விண்டர் ஷோகேஸ்னு ஒரே ஊர்ல நடக்கிற ஆட்டங்களுக்காக ஆர்லாண்டோ போயிடுது. அப்புறம் கிறிஸ்மஸ். அதனால 18ஆம் தேதிக்கு முன்னாடி இல்லன்னா 27க்குப் பிறகுதான் உள்ளூர் ஆட்டம் கிடைக்கும். பின்னாடி வர்றதையே எடுங்க. ஷோகேஸ் முடிஞ்சதும் எல்லா டீமோட வெற்றி தோல்வியும் பூஜ்யத்துக்கு வந்து, வழக்கமான சீசன் புதுசா ஆரம்பிக்கும், ஆட்டமும் சூடா இருக்கும்.

இன்னொரு காரணம் தூக்கம். அங்கே ராத்திரி 7 மணின்னா டர்பன்ல விடியக்காலை 3. போய் இறங்கின வாரத்துல குழந்தை இரண்டாவது குவார்ட்டரிலேயே சாய்ஞ்சிடும். ஞாயிறு மதிய ஆட்டம் இருந்தா அதுவே நல்லது. அட்டவணையில் எதிரணி பேருக்கு முன்னாடி அட் குறி (@) இருந்தா அது வெளியூர் ஆட்டம், அவசரத்துல அதைப் பார்த்து டிக்கெட் வாங்கிடாதீங்க.

டிக்கெட் எல்லாம் போன்லதான். டீமோட சொந்தத் தளத்துல இருக்கிற இணைப்பு வழியா மட்டும் போங்க. கூகுள்ல முதல்ல வர்றது பெரும்பாலும் மறுவிற்பனைக் கடை. நம்ம ஊர் கார்டுல கட்டினா வங்கி அனுப்பற ஓடிபி தென்னாப்பிரிக்க சிம்முக்கு வரும், ரோமிங் இல்லன்னா அங்கேயே நின்னுடும். நாத்தனார் கார்டுல வாங்கி உங்க போனுக்கு மாத்தி விடச் சொல்லுங்க. வாசல்ல இணையம் கிடைக்காமல் போகலாம், வீட்டிலேயே போன் வாலட்ல சேமிச்சு வைங்க.

ஃபீனிக்ஸ் ரெஃப்ரி:
விதியை நான் சொல்றேன், நெட்பால் பிள்ளைங்கிறதால சுலபம். வளையம் இரண்டிலும் ஒரே உயரம், 3.05 மீட்டர். ஆனா இங்கே பின்னால பலகை இருக்கு, ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேர், பந்தைத் தட்டிக்கிட்டே ஓடலாம். 24 விநாடிக்குள்ள எறிஞ்சு பந்து வளையத்தைத் தொட்டாகணும். 12 நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர், இடைவேளை எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

எல்லாரையும் குழப்புறது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணி தவறு செஞ்சா யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கிற வாய்ப்பு. என்பிஏல ரெண்டு எறி கொடுக்கிற தவறுக்கு ஜி லீக்ல ஒரே எறிதான், விழுந்தா 2 புள்ளி. தூரத்துல இருந்து மூணு புள்ளிக்கு எறியும்போது தவறு செஞ்சு தடுத்திருந்தா அந்த ஒரு எறிக்கே 3. நேரம் மிச்சமாகட்டும்னு 2019-20 சீசன்ல கொண்டு வந்தாங்க. நாலாவது குவார்ட்டர் கடைசி 2 நிமிஷத்திலும், புள்ளி சமமானா ஆடுற ஓவர்டைமிலும் மட்டும் பழைய முறை. ஓவர்டைம்ல கடிகாரமே கிடையாது, முதல்ல 7 புள்ளி எடுக்கிற டீம் ஜெயிக்கும்.

மகளுக்கு ஒரு விஷயம் சொல்லி அனுப்புங்க. பந்து வச்சிருக்கிறவனை விட்டுட்டு, அவனைத் தடுக்கிறவன் பக்கத்துல வந்து நிக்கிற, பந்து வச்சிருக்கிற டீமோட உயரமான ஆளைப் பார்க்கணும். அவன் கால் ரெண்டையும் அகட்டி, கையை மார்போட சேர்த்து, தூண் மாதிரி நிப்பான். தடுக்கிறவன் அவன் மேல மோதி ஒரு நொடி தாமதமாவான். அதுக்குள்ள அந்த உயரமானவன் திரும்பி வளையத்தை நோக்கி ஓடுவான், பாஸ் அவன் கைக்கு வரும். நெட்பால்ல உடம்பு மோதி ஆட்டத்தைத் தடுத்தா விசில் ஊதுவோம், அதனால இது அவளுக்கு முற்றிலும் புதுசு. இது கண்ணுல பட்டுட்டா ஆட்டத்துல பாதி புரிஞ்ச மாதிரி.

சீட் பக்கவாட்டில், நடுக்கோட்டுக்கு நேரா, கொஞ்சம் மேல் வரிசையா எடுங்க. வளையத்துக்குப் பின்னால கீழ் வரிசை மலிவா கிடைச்சாலும் பலகையும் தூணும் மறைக்கும்.

டோங்காட் அண்ணி:
ஆஸ்டின் ஸ்பர்ஸ் ஆடுற எச்-ஈ-பி சென்டர் அரங்கம் சீடார் பார்க்ல, ஆஸ்டினுக்கு வடக்கே இருக்கு. காரில்தான் போகணும். அதே அரங்கத்துலதான் டெக்சாஸ் ஸ்டார்ஸ் ஐஸ் ஹாக்கி டீமும் ஆடுது. இப்படிப்பட்ட இடங்கள்ல பனித்தளத்தை உருக்கிட மாட்டாங்க, அதுமேலயே பலகை மூடி மரத்தரையை விரிச்சிடுவாங்க. கீழ் வரிசைல குளிர் காலில் ஏறும். டிசம்பர்னா டர்பன் வெயில்ல இருந்து போறவங்க வேற, மாமியாருக்கு சால்வை, சாக்ஸ் கட்டாயம்.

நம்ம டர்பன் கிங்ஸ் பார்க் ரக்பி மைதானம் மாதிரி கார் பக்கத்துல பிராய் (கரி அடுப்புல இறைச்சி சுடுறது) போட்டு சாப்பிட்டுட்டு உள்ளே போற நினைப்பு வேணாம், வெளிச் சாப்பாடும் உள்ளே விட மாட்டாங்க. ஹாட் டாக் பெரும்பாலும் மாடு, சிலதுல பன்றியும் கலந்திருக்கும். சிப்ஸ் (பிரெஞ்ச் ஃப்ரைஸ்) பொரிக்கிற எண்ணெய்லயே கோழியும் பொரிப்பாங்க, கேட்டுக்கணும். மாமியாருக்குப் பாப்கார்ன், பிரெட்சல்தான் நம்பகம். வீட்டிலேயே வயிறு நிறையச் சாப்பாடு போட்டுக் கூட்டிட்டுப் போங்க. பல அரங்கத்துல கண்ணாடி மாதிரி தெரியிற பை மட்டும்தான் அனுமதி, ரொக்கமும் வாங்க மாட்டாங்க. தளத்துல முதல் நாளே பார்த்துடுங்க.

சாட்ஸ்வொர்த் அம்மா:
ரொம்ப நன்றி. மகள் ஒரு ஜெர்சி கேக்குறா, யார் பேர் போட்டது வாங்கலாம்?

லெனேஷியா கோச்:
பேர் போடாதது வாங்குங்க அக்கா. இங்கே ஆளுங்க நிலைக்க மாட்டாங்க. தாய் டீமான என்பிஏவோட சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கும் இந்த டீமுக்கும் ரெண்டுக்கும் ஆடுற டூ-வே ஒப்பந்தத்துல மூணு பேர் வரைக்கும் இருப்பாங்க, தாய் டீம் கூப்பிட்டா அன்னிக்கே கிளம்பிடுவாங்க. ஜனவரி 5 வாக்கில் என்பிஏ டீம்கள் பத்து நாளுக்கு மட்டும் ஆள் எடுக்கிற ஒப்பந்தங்களும் தொடங்கும், வேற என்பிஏ டீம்கூட ஆளைத் தூக்கிட்டுப் போகலாம். 2018ல ஆஸ்டின் டீம் ஜி லீக் கோப்பையை ஜெயிச்சப்ப ஆடின டெரிக் வைட், 2024ல பாஸ்டன் செல்டிக்ஸோட என்பிஏ சாம்பியன். அப்படி ஒருத்தரை மகள் பத்தடி தூரத்துல பார்க்கலாம், அதுக்கு கதவு திறந்த உடனே போகணும், பொதுவா ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. வீரர்கள் வார்ம்-அப் முடிச்சு உள்ளே போற வழிக்குப் பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. கையில ஒரு மார்க்கர் பேனா இருக்கட்டும், சாதா பேனா ஜெர்சி துணியில் எழுதாது.