பயோமாஸ்: உயிர்நிறையா, உயிர்த்திரளா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பயோமாஸ் (biomass), அதாவது எரித்து ஆற்றல் பெற உதவும் விறகு, வைக்கோல் போன்ற உயிர்ப்பொருளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சைத் தொடர்கிறேன்.

> மாஸ் என்றால் நிறைதானே, உயிர்நிறை என்றே வைத்துவிடலாம்.

ஐயா நேற்று எழுதிய இந்த வரியில்தான் எனக்குத் தயக்கம். பள்ளி இயற்பியல்படி சொல் சரி. (ஈழத்துப் பாடநூல்களில் மாஸ் என்பது திணிவு, நிறை என்றால் எடை. அந்தச் சிக்கலும் இருக்கிறது.) ஆனால் நாம் இப்போது சொல் தேடுவது ஆற்றல் பொருளியலுக்கு. அங்கே நிறை ஏமாற்றிவிடும்.

முழுக்க உலர்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 19 மெகாஜூல் வெப்பம் தரும். எடையில் பாதி நீராக உள்ள பச்சை விறகிலிருந்து 8 மெகாஜூல் அளவுதான் கிடைக்கும். பாதிக்கும் கீழே போவது ஏனென்றால், உள்ளிருக்கும் நீரை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. டன் கணக்கில் விலை பேசி வாங்குபவர் தண்ணீருக்கும் காசு கொடுக்கிறார், அதைச் சுமந்துவர லாரி வாடகையும் கொடுக்கிறார்.

என் பரிந்துரை உயிர்த்திரள். திரள் தன்வினை, திரட்டு பிறவினை. இந்தத் தொழிலின் கணக்கே திரட்டுவதில்தான் இருக்கிறது. நிலக்கரி ஒரு சுரங்கத்திலிருந்து மொத்தமாக வரும். வைக்கோலும் சோளத்தட்டையும் வயல் வயலாகச் சிதறிக் கிடக்கும். கட்டாத வைக்கோல் கனமீட்டருக்கு 100 கிலோவைத் தாண்டுவது அரிது, வண்டி நிறைந்தாலும் பாரம் ஏறாது. பெல்லட்டாக, அதாவது சிறு கெட்டி உருளைகளாக அழுத்தினால் 600 கிலோவுக்கு மேல் வரும், ஆனால் அழுத்துவதற்கும் செலவு உண்டு.

இவற்றை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை இரு மடங்காக்கினால் கொதிகலனின் செலவு யூனிட்டுக்குக் குறையும். ஆனால் இரு மடங்கு நிலப்பரப்பிலிருந்து பொருள் வர வேண்டும். சராசரித் தொலைவு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். ஓர் அளவுக்கு மேல் மிச்சத்தை லாரியே தின்றுவிடும். இதை விளக்க திரட்டுச் செலவு, திரட்டு வட்டம் (ஆலையைச் சுற்றிப் பொருள் திரட்டும் பரப்பு) என்று ஒரே வேரிலிருந்து சொற்கள் கிளைக்கின்றன. நிறையிலிருந்து இப்படி ஒன்றும் கிளைக்காது.

முன்னால் வருவது உயிரா, உயிரியா (உயிர்த்திரளா, உயிரித்திரளா) என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

---

அக்கா, திரட்டு வட்டம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் சூழலியலில் பயோமாஸ் என்றால் ஒரு சதுர மீட்டரில் வாழும் உயிர்களின் நிறை. குளத்து மீன்களை அங்கே யாரும் திரட்டுவதில்லை, எடை போட்டுக் கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கு உயிர்த்திரள் பொருந்துமா?

---

பொருந்தாது, தம்பி. நான் அதை யோசிக்கவே இல்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை. ஐயாவின் உயிர்நிறை சூழலியலுக்கு, உயிர்த்திரள் ஆற்றலுக்கு. மறுப்பு இல்லையென்றால் பட்டியலில் இரண்டு பதிவுகளாகவே ஏற்றிவிடுகிறேன்.