‘ரத்து’ப் பொத்தானுக்கு மாற்றுச் சொல் வேண்டும்

மன்னார்குடியிலிருந்து:

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றின் கணக்கு மென்பொருளைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. சம்பாப் பயிர்க்கடன் மனுக்கள் வரத் தொடங்குவதற்குள் சொற்கோப்பை, அதாவது திரையில் தோன்றும் சொற்களெல்லாம் வரிவரியாக அடங்கிய கோப்பை, ஒப்படைத்தாக வேண்டும். தவறாகப் பதிந்த மனுவை எடுக்கப் போனால், “இந்த மனுவை ரத்து செய்ய வேண்டுமா?” என்று ஓர் உரையாடல் பெட்டி எழுகிறது, அதன் கீழே ‘சரி’, ‘ரத்து’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. மனுவை ரத்து செய்ய வந்தவர் ‘ரத்து’ என்பதைத்தானே அழுத்துவார்? அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்கிறது. மனு அப்படியே இருக்கிறது. அங்கே பதிவு செய்யும் பெண், ஒரே சர்வே எண்ணுக்கு இரண்டு மனுக்கள் நிற்பதைக் கண்டு, திரும்பத் திரும்ப ‘ரத்து’ அழுத்திப் பார்த்துவிட்டுக் கணினிதான் பழுது என்று முடிவு செய்திருந்தார். ஆங்கில மூலத்தில் இரண்டு இடத்திலும் ‘கேன்சல்’ என்றே இருப்பதால் வந்த சிக்கல் இது. பொத்தானுக்கு மட்டும் வேறொரு சொல் தாருங்கள். ‘தள்ளுபடி’ வேண்டாம், 2021-இல் கூட்டுறவுச் சங்கங்களின் 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபின், கடன் மென்பொருளில் அந்தச் சொல்லைக் காணும் விவசாயி வேறு பொருளைத்தான் கொள்வார்.

தஞ்சாவூரிலிருந்து:

ஐயா, ‘ரத்து’ அரபு மூலத்தைக் கொண்ட சொல். ரகரம் மொழிக்கு முதலாகாது. ‘இரத்து’ என்று எழுதிவிட்டால் மட்டும் அது தமிழாகிவிடாது. ‘கைவிடுக’ என்பதை முன்மொழிகிறேன். ‘பொத்தான்’ என்பதையும் நாம் அயற்சொல் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கை பொத்துதல், வாய் பொத்துதல் என்னும் வழக்குகளில் உள்ள ‘பொத்து’ என்னும் வினையடிக்கு மூடுதல் என்பது பொருள். சட்டையின் திறப்பைப் பொத்துவது பொத்தான். இதை நான் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து:

அண்ணா, போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் வணிகம் செய்த துறைமுகம் எங்கள் ஊர். சாவி, அலமாரி, மேசை, ஜன்னல் வந்த வழியிலேதான் பொத்தானும் வந்தது. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது. அதைவிட முக்கியமானது, ‘கைவிடுக’ என்றால் எதைக் கைவிடுவது என்பதுதான். மனுவையா, நீக்கும் எண்ணத்தையா? சொல் மாறியிருக்கிறது, குழப்பம் மாறவில்லை.

திருவாரூரிலிருந்து:

தம்பி கேட்ட கேள்வியில்தான் செய்தி இருக்கிறது. நாம் ஒரு சொல்லைத் தேடுகிறோம். தேட வேண்டியது ஒரு விடையை. நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. ‘இது செய்வாயா’ என்றால் ‘செய்வேன்’ என்பது நேர் விடை, ‘செய்யேன்’ என்பது மறை விடை. வினாவில் வந்த வினைச்சொல்லே விடையிலும் திரும்புவதைக் கவனியுங்கள். இன்றும் ‘சாப்பிட்டாயா?’ என்றால் ‘சாப்பிட்டேன்’ என்றுதான் சொல்கிறோம். ‘ஆம்’ என்று நிறுத்துவது மேடைத் தமிழிலும் நீதிமன்றத் தமிழிலும்தான் மிகுதி. ஆகவே பெட்டி ‘இந்த மனுவை நீக்கவா?’ என்று கேட்டால், பொத்தான்கள் ‘நீக்கு’ என்றும் ‘நீக்க வேண்டாம்’ என்றும் இருக்கட்டும். வினாவை முழுதும் படிக்காதவரும் பொத்தானை மட்டும் படித்தே சரியாக அழுத்துவார்.

இன்னொன்று: பல தமிழாக்கங்களில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று பொத்தான் வைக்கிறார்கள். ‘நீக்கவா?’ என்னும் கேள்விக்கு ‘இல்லை’ என்று எந்தத் தமிழரும் விடை சொல்ல மாட்டார். ‘இல்லை’ உண்மையை மறுப்பது, ‘வேண்டாம்’ விருப்பத்தை மறுப்பது. ஆங்கிலத்துக்கு இரண்டும் ‘நோ’ என்பதற்காக நாமும் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமா?

கும்பகோணத்திலிருந்து:

அம்மா சொல்வதை மென்பொருள் வடிவமைப்பு நூல்களும் சொல்கின்றன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் இரண்டின் வழிகாட்டிகளும் பொத்தானில் செயலைக் குறிக்கும் வினைச்சொல் வேண்டும் என்கின்றன. ‘ஓகே’ வந்த கதையும் இங்கே பொருந்தும். 1983-இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கும்போது, அந்தப் பொத்தானில் முதலில் ‘டூ இட்’ (Do It), அதாவது ‘செய்’, என்று எழுதியிருந்தார்கள். பெரிய I சிறிய l போலத் தெரிந்ததால், சோதிக்க வந்தவர்களில் ஒருவர் அதை ‘டோல்ட்’ (dolt), அதாவது மடையன், என்று படித்து மனம் புண்பட்டார். அதன் பிறகே அது ‘ஓகே’ ஆயிற்று.

மன்னார்குடி நண்பர் முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். மென்பொருள் பிரவுசரில் ஓடி, இணையப் பக்க நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் ‘கன்ஃபர்ம்’ (உறுதி கேட்கும்) கட்டளையால் பெட்டி எழுமானால், பொத்தான்கள் பிரவுசருக்குச் சொந்தம். அவற்றை நம்மால் மாற்ற முடியாது, வினாவைத்தான் மாற்ற வேண்டும். சொற்கோப்பிலேயே பொத்தான் சொல் இருக்கிறது என்றால் பிழைத்தோம். ஆனால் அங்கே ‘கேன்சல்’ ஒரே ஒரு வரியாக இருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் போகும். மனுவை நீக்கும் பெட்டியில் ‘நீக்க வேண்டாம்’ சரி; அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் பெட்டியில் ‘நிறுத்து’ அல்லவா வேண்டும்? ஒவ்வோர் இடத்துக்கும் சூழல் குறிப்புச் சேர்த்து வரியைப் பிரித்துத் தரும்படி நிரலாளரிடம் கேளுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து:

அம்மாவின் நன்னூல் சான்றை ஏற்கிறேன். ஆனால் ‘நீக்க வேண்டாம்’ இரண்டு சொல்; பொத்தானில் இடம் போதாது. வியங்கோளில் ‘நீக்குக’, ‘நீக்கற்க’ என்று வைத்தால் ஒரே சொல்லில் முடியும். ‘செய்யற்க’ என்பது 656-ஆம் குறளில் உள்ள வடிவந்தான். பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் வடிவத்தைப் பொத்தானில் வைக்க ஏன் தயங்க வேண்டும்?

திருவாரூரிலிருந்து:

பிள்ளைகள் படிக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் ‘நீக்குக’, ‘நீக்கற்க’ இரண்டும் அருகருகே சின்ன எழுத்தில் இருந்தால், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது கண் ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடும். மேலும் பொத்தான் பேசுவது யார் வாயால்? இயந்திரம் நமக்கு இடும் கட்டளை அன்று அது. நாம் இயந்திரத்துக்குச் சொல்லும் விடை. அதற்கு ‘நீக்கு’ என்னும் ஏவலே போதும்.

நாகப்பட்டினத்திலிருந்து:

‘நீக்கு’ சரி. மற்றதில் இடம் இல்லையென்று ‘வேண்டாம்’ என மட்டும் சுருக்கிவிடாதீர்கள். ‘மனு வேண்டாம்’ என்று பொருள்கொண்டு அதையே அழுத்துவார்கள். என் ஓட்டு ‘மனு இருக்கட்டும்’ என்பதற்கு.

மன்னார்குடியிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. பெட்டி மென்பொருளுக்குள்ளேயே வரையப்பட்டது என்று உறுதிசெய்துகொண்டேன். வரியைப் பிரித்துத் தர நிரலாளரும் ஒப்புக்கொண்டார். பெரும்பான்மைக் கருத்தின்படி ‘நீக்கு’, ‘நீக்க வேண்டாம்’ என்றே அனுப்புகிறேன். பொத்தானின் அகலத்தையும் கூட்டச் சொல்லியிருக்கிறேன். அச்சுப் பெட்டிக்கு ‘நிறுத்து’. ‘மனு இருக்கட்டும்’ எனக்கும் பிடித்திருந்தது, ஆனால் கடன் தவணை, பங்குத்தொகை, உறுப்பினர் பதிவு என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி எழுத இப்போது நேரமில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

அனுப்புங்கள் ஐயா, தடையில்லை. ‘நீக்கற்க’ என்பதற்கான என் வாதத்தை மட்டும் குழுவின் சொற்பட்டியலில் மாற்றுக் கருத்தாகப் பதிந்து வையுங்கள். ‘பொத்து’ வேர் குறித்துத் தனி மடல் எழுதுகிறேன்.