விர்ச்சுவல் மெஷினுக்கு நெட்வொர்க் கார்டும் ரேமும்: வடசென்னை நண்பர்களின் அனுபவங்கள்

கொருக்குப்பேட்டை

வணக்கம் நண்பர்களே. வியாசர்பாடியில் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறோம். ஒரு கம்பெனி கழித்துக் கொடுத்த டெஸ்க்டாப்தான் எங்கள் சர்வர். 16 ஜிபி ரேம், நாலு கோர். அதில் கேவிஎம் (ஒரே பெட்டிக்குள் பல கணினிகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) போட்டு ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் கொடுத்திருக்கிறோம். நிஜப் பெட்டிக்கு ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஓடும் மெஷினுக்கு கெஸ்ட் என்றும் பெயர். கொஞ்ச நாளாக ஒரு தொல்லை. ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய ஃபைலை அனுப்பினால் ஹோஸ்ட்டின் சிபியு ஏறிக்கொண்டே போகும், ஃபைல் மட்டும் நகராது. "பழைய பெட்டி, இதுக்கு மேல இழுக்காது" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். புது சர்வருக்குப் பணம் திரட்டலாம் என்ற பேச்சு வரைக்கும் போனது.

கெஸ்ட்டுக்குள் எல்எஸ்பிசிஐ (மாட்டியிருக்கும் கார்டுகளைக் காட்டும் கட்டளை) அடித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அங்கே நெட்வொர்க் கார்டாக இருந்தது ரியல்டெக் 8139. மெஷினின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்எம்எல் கோப்பு ஒன்று எங்கள் கைக்கு வந்திருந்தது, அதில் கார்டின் மாடலைச் சொல்லும் வரியே இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் எக்ஸ்86 (சாதாரண பிசி வகை) கெஸ்ட்டுக்கு, மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழக்கமாகக் கொடுப்பது இந்தக் கார்டைத்தான். ஏறக்குறைய எல்லாப் பழைய ஓஎஸ்ஸிலும் அதற்கு டிரைவர் உண்டு, அதனால் எதிலும் ஓடிவிடும்.

கார்டின் விவரம் சொல்லும் எத்டூல் கட்டளை 100 எம்பிபிஎஸ் என்று காட்டுவதைப் பார்த்து அதுதான் தடை என்று நினைக்க வேண்டாம். கம்பியே இல்லாத கார்டுக்கு அந்த எண் வெறும் பெயர்ப்பலகை. உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. கெஸ்ட்டின் டிரைவர் கார்டின் ரெஜிஸ்டரை (கார்டுக்குக் கட்டளை எழுதும் இடம்) தொடும் ஒவ்வொரு முறையும் சிபியு கெஸ்ட்டை விட்டு வெளியே வந்து, சாதனங்களைப் போல நடிக்கும் க்யூஎமு என்ற நிரல் அந்தக் கார்டு செய்திருக்கக்கூடியதைச் செய்து முடித்து, மறுபடி உள்ளே போக வேண்டும். ஹார்பர் கேட்டில் ஒவ்வொரு கன்டெய்னர் லாரியையும் நிறுத்திச் சீட்டு பார்த்தால் எண்ணூர் சாலையில் வண்டி எவ்வளவு தூரம் நிற்கும் என்று நமக்குத் தெரியும். அதே நெரிசல்தான் இங்கேயும்.

இதற்கு மாற்று விர்ட்ஐஓ என்ற கார்டு மாடல். அது எந்த நிஜக் கார்டைப் போலவும் நடிப்பதில்லை. தான் விர்ச்சுவல் மெஷினுக்குள் இருப்பது கெஸ்ட்டின் டிரைவருக்குத் தெரியும். இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளும் மெமரி வளையத்தில் பாக்கெட்டுகளை வரிசையாக வைத்துவிட்டு, ஒரு தடவை மணி அடித்தால் போதும். 2010-இல் லினக்ஸ் 2.6.34-இல் வந்த விஹோஸ்ட்-நெட் இந்த வேலையை ஹோஸ்ட்டின் கெர்னலுக்குள்ளேயே, அதாவது ஓஎஸ்ஸின் மையத்துக்குள்ளேயே, கொண்டுபோய்விட்டதால், டேட்டா க்யூஎமு வழியாகச் சுற்றி வருவதும் இல்லை. மாடலை விர்ட்ஐஓ என்று மாற்றினோம். அதே பழைய பெட்டி, அதே பிள்ளைகள், வேலை தடையில்லாமல் நடக்கிறது. புது சர்வர் பேச்சை நிறுத்திவிட்டோம்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். ரேம் பக்கத்து அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது, அடுத்து எனக்கு அதுதான் தேவைப்படும்.

மண்ணடி

சார், லினக்ஸ் கெஸ்ட்டுக்கு நீங்கள் சொன்னது ஒரு வரியில் முடிந்துவிடும். விண்டோஸுக்கு அப்படி நேராக மாற்றிவிடாதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

கிளியரிங் ஏஜென்ட் அலுவலகங்களுக்கு சிஸ்டம் பார்த்துக் கொடுப்பது என் தொழில். ஒரு அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் ஓடும் விண்டோஸ் மெஷினை முன்பு பார்த்துக்கொண்டிருந்தவர், ராத்திரியில் கார்டை விர்ட்ஐஓ ஆக்கிவிட்டுப் போயிருக்கிறார். காலையில் நெட்வொர்க்கே இல்லை. விண்டோஸில் விர்ட்ஐஓ டிரைவர் கூடவே வருவதில்லை. டிரைவரை இறக்கலாம் என்றால் நெட் இல்லை. பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்கப் படிவம்) போட வேண்டிய நேரத்தில் பத்துப் பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் செய்யும் முறை இது. இருக்கிற ஈ1000ஈ என்ற இன்டெல் வகைக் கார்டைத் தொடாமல், இரண்டாவதாக ஒரு விர்ட்ஐஓ கார்டைச் சேர்ப்பேன். விர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓ கோப்பை சிடி டிரைவாக மாட்டி, அதில் நெட்கேவிஎம் என்ற ஃபோல்டரிலிருந்து டிரைவரைப் போடுவேன். கையோடு, ஓடும்போதே ரேமைக் கூட்டிக் குறைக்க உதவும் பலூன் டிரைவரையும் போட்டுவிடுவேன், பின்னால் உதவும். புதுக் கார்டு உயிரோடு நிற்பதைப் பார்த்த பிறகுதான் பழையதை எடுப்பேன்.

எடுத்த பிறகும் இரண்டு இடத்தில் கவனம் தேவை. பழைய கார்டுக்குக் கொடுத்திருந்த நிலையான ஐபியைப் புதுசுக்குக் கொடுத்தால், "இது வேறு அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று விண்டோஸ் சொல்லும். கழற்றிய கார்டின் பதிவு உள்ளே மறைந்து கிடக்கிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி அதை நீக்க வேண்டும். அடுத்தது ஃபயர்வால். புதுக் கார்டை விண்டோஸ் புது நெட்வொர்க்காக எடுத்துக்கொண்டு பப்ளிக் என்று குறித்துவைக்கும். ஐபி சரி, பிங் சரி என்று தேடிக்கொண்டே இருப்போம், ஷேர் ஃபோல்டர் மட்டும் திறக்காது. பிரைவேட் ஆக்கினால் திறந்துவிடும்.

திருவொற்றியூர்

எனக்கு நடந்தது குளோன் விஷயம். உபுண்டு சர்வர் ஒன்றை அழகாக அமைத்து, அதிலிருந்து பல குளோன் (அச்சு அசல் நகல்) எடுத்து வேலைக்கு விட்டிருந்தார்கள். ஒன்றில் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) போட்டால் நடுவில் இன்னொன்று பதில் சொல்லும். முதல் சந்தேகம் கார்டின் அடையாள எண்ணான மேக் முகவரி மேல்தான். பார்த்தால் எல்லாம் 52:54:00 என்று தொடங்கினாலும் கடைசி மூன்று ஜோடியும் வேறு வேறு. குளோன் எடுக்கும் விர்ட்-குளோன் கருவி அதைச் சரியாக மாற்றியிருந்தது. ஆனாலும் ஐபி வழங்கும் டிஎச்சிபி சர்வர் எல்லாவற்றுக்கும் ஒரே ஐபியைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

காரணம் கெஸ்ட்டுக்குள் இருந்தது. கெஸ்ட்டின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன்னை டிஎச்சிபியிடம் அடையாளம் காட்டுவது மேக் முகவரியை வைத்து அல்ல. மெஷினுக்கு மெஷின் வேறாக இருக்க வேண்டிய மெஷின்-ஐடி கோப்பிலிருந்து பிறக்கும் ஒரு எண்ணை வைத்து. குளோன் எடுத்தபோது அந்தக் கோப்பும் அப்படியே வந்துவிட்டது. டிஎச்சிபியின் கண்ணுக்கு எல்லாம் ஒரே மெஷின். வெளியே நின்று எக்ஸ்எம்எல்லை எத்தனை முறை பார்த்தாலும் இது பிடிபடாது. மெஷின்-ஐடியைக் காலி செய்துவிட்டு ரீபூட் செய்தால் புதிது உண்டாகும். அல்லது உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் டிஎச்சிபி அடையாளம் மேக் என்று எழுதிவிடலாம். குளோன் எடுக்கும் முன்பே விர்ட்-சிஸ்பிரெப் என்ற கருவியை ஓட்டினால் எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீ உட்பட இந்த மாதிரி அடையாளங்களைத் துடைத்துவிடும். கொருக்குப்பேட்டை நண்பரே, பிள்ளைகளுக்கு ஒரே இமேஜிலிருந்து கொடுத்திருந்தால் இன்றே பார்த்துவிடுங்கள்.

ராயபுரம்

அண்ணா, நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எங்க வீட்ல கேபிள் நெட் கிடையாது, போன் ஹாட்ஸ்பாட்தான். லேப்டாப்ல விஎம் (விர்ச்சுவல் மெஷின்) போட்டு அதுக்கு பிரிட்ஜ் (விஎம்மை நேரா வெளி நெட்வொர்க்கோட சேர்க்கற வழி) குடுத்தேன், ஐபியே வரல. அதே செட்டிங் காலேஜ் லேப்ல கேபிள் மாட்டினா வேலை செஞ்சுது. காரணத்தைத் தேடிப் படிச்சேன். வைஃபைல ஆக்சஸ் பாயின்ட்டோட சேர்ந்திருக்கற மேக் ஒண்ணுதான், லேப்டாப்போடது. விஎம்மோட மேக்ல இருந்து வர ஃபிரேமை அது ஏத்துக்காது. அதனால வைஃபைல பிரிட்ஜுக்கு ஆசைப்படாம நேட் (ஹோஸ்ட்டோட முகவரி வழியா வெளிய போறது) வெச்சுக்கறதுதான் வழி. லிப்விர்ட்டோட டீஃபால்ட் நெட்வொர்க் 192.168.122 வரிசைல குடுக்கும், அது போதும்.

இன்னொண்ணு. ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாத லேப் மெஷின்ல க்யூஎமுவோட யூசர் நெட்வொர்க்தான் கைகொடுக்கும். கெஸ்ட்டுக்கு 10.0.2.15, கேட்வே 10.0.2.2, டிஎன்எஸ் 10.0.2.3. இதுல பல ஹோஸ்ட்ல வெளிய பிங் போகாது. என் ஃபிரண்ட்ஸ் நிறைய பேர் பிங் போகலன்னதும் நெட்டே இல்லன்னு விட்டுட்டாங்க. ஏபிடி அப்டேட் (மென்பொருள் பட்டியலை நெட்ல இருந்து இறக்கற கட்டளை) அடிச்சுப் பாருங்க, நல்லா ஓடும். வெளிய இருந்து உள்ள போகணும்னா ஹோஸ்ட்டோட 2222 போர்ட்டை கெஸ்ட்டோட 22-க்குத் திருப்பி விட்டா எஸ்எஸ்எச் கிடைச்சிடும்.

மணலி

மேக்விடேப் (ஹோஸ்ட்டின் கார்டோடு விஎம்மை நேராகக் கோர்க்கும் வழி) பற்றி யாரும் சொல்லவில்லை. பிரிட்ஜ் அமைக்கச் சோம்பல்பட்டு அதைப் பலர் எடுப்பார்கள். வெளி மெஷின்களோடு எல்லாம் பேசும், தன் சொந்த ஹோஸ்ட்டோடு மட்டும் பேசாது. அது பழுதில்லை, அதன் அமைப்பே அப்படித்தான். ஹோஸ்ட்டிலிருந்து பேக்கப் எடுக்கிறவர்கள் இன்னொரு நேட் கார்டைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்

ரேம் அனுபவம் கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பு நலச்சங்கத்தின் கணக்கும் தண்ணீர் லாரிப் பதிவும் ஒரு விஎம்மில் ஓடுகிறது. தண்ணீர் லாரி எந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்ற பதிவு எங்கள் பக்கத்தில் எவ்வளவு முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. ராத்திரியில் மரியாடிபி என்ற அதன் டேட்டாபேஸ் செத்துக் கிடக்கும். டிமெசேஜ் (கெர்னலின் செய்திகளைக் காட்டும் கட்டளை) பார்த்தால் மெமரி தீர்ந்து கெர்னலே அதைக் கொன்றிருக்கிறது. அமைத்துக் கொடுத்தவரிடம் கேட்டால் "நாலு ஜிபி கொடுத்திருக்கேன், போதும்" என்பார். உள்ளே ஃப்ரீ (ரேம் அளவைக் காட்டும் கட்டளை) அடித்தால் மொத்தமே 2 ஜிபிக்கும் குறைவாகத்தான் காட்டியது. மீதி எங்கே போனது?

எக்ஸ்எம்எல்லில் மெமரிக்கு இரண்டு வரிகள். ஒன்று மெமரி, அது உச்சவரம்பு. இன்னொன்று கரன்ட்மெமரி, அது இப்போது கையில் கொடுப்பது. முதலாவது 4, இரண்டாவது 2. இடையில் உள்ள 2 ஜிபியை பலூன் பிடித்து வைத்திருக்கிறது. பலூன் என்பது கெஸ்ட்டுக்குள் ஓடும் ஒரு டிரைவர். ஹோஸ்ட் கேட்டதும் அது கெஸ்ட்டின் கெர்னலிடம் பக்கங்களை (மெமரித் துண்டுகளை) வாங்கிக்கொண்டு, "இதை நான் பயன்படுத்தவில்லை, எடுத்துக்கொள்" என்று ஹோஸ்ட்டிடம் விட்டுவிடும். அந்த அளவுக்குக் கெஸ்ட்டில் மொத்த மெமரியே குறைந்து தெரியும்.

பலூனைப் பற்றிப் பரவலாக இருக்கும் எண்ணம், தேவைப்பட்டால் அதுவே சுருங்கிக் கொடுத்துவிடும் என்பது. க்யூஎமுவிலும் லிப்விர்ட்டிலும் அப்படி இல்லை. ஹோஸ்ட் பக்கம் யாராவது விர்ஷ் செட்மெம் (பலூனின் அளவை மாற்றும் கட்டளை) அடிக்க வேண்டும், அல்லது அதைச் செய்ய ஒரு நிரல் இருக்க வேண்டும். கெஸ்ட் மூச்சுத் திணறினாலும் பலூன் பிடியை விடாது. திணறும்போது விடச் சொல்லும் வசதி உண்டு, ஆட்டோடிஃப்ளேட் என்று. அது இயல்பாக அணைந்தே இருக்கும். எங்கள் மெஷினில் இரண்டு வரியையும் 4 ஆக்கினேன், மரியாடிபி நின்று ஓடுகிறது. டேட்டாபேஸ் ஓடும் மெஷினில் பலூனால் ரேமைக் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பெரம்பூர்

பலூனால் குறைக்கலாம், உச்சவரம்புக்கு மேல் ஏற்ற முடியாது. ஓடும் மெஷினில் ஏற்ற வேண்டுமென்றால் டிம் (ரேம் பட்டை, இதுவும் விர்ச்சுவல்தான்) செருகும் வழி இருக்கிறது. தொடங்கும்போதே எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. எங்கள் இடத்தில் டிம் செருகியது, பிழைச் செய்தியும் இல்லை, ஆனால் ஃப்ரீயில் ஒன்றும் ஏறவில்லை. மெமரியின் நிலையைக் காட்டும் எல்எஸ்மெம் அடித்தால் புது மெமரி ஆஃப்லைன் என்று படுத்திருந்தது. சில டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் வகைகளில்) கெஸ்ட்டே அதை ஆன்லைன் ஆக்காது, நாம் சொல்ல வேண்டும்.

திரும்பக் கழற்றுவதுதான் கஷ்டம். அந்த டிம்மில் கெர்னல் தன் சொந்தப் பக்கங்களை வைத்துவிட்டால் கழற்ற விடாது. கழற்றும் எண்ணம் இருந்தால் மூவபிள் (நகர்த்தக்கூடியது) என்று ஆன்லைன் ஆக்குங்கள். 2020-இல் வந்த லினக்ஸ் 5.8, க்யூஎமு 5.1 முதல் விர்ட்ஐஓ-மெம் இருக்கிறது. அது சிறு சிறு துண்டாக ஏற்றி இறக்கும். புது கெஸ்ட் என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கொருக்குப்பேட்டை

எல்லாருக்கும் நன்றி. திருவொற்றியூர் நண்பரே, பார்த்தேன், எங்கள் மெஷின்களிலும் ஒரே மெஷின்-ஐடிதான் இருந்தது, மாற்றிவிட்டோம். எண்ணூர் அண்ணா, ஒரு சந்தேகம். எங்களிடம் 16 ஜிபிதான். பத்து டெபியன் மெஷின், ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி என்றாலே 20 ஆகிறது. பலூன் வேண்டாம் என்றால் வேறு என்ன வழி?

எண்ணூர்

தம்பி, உங்கள் நிலைமை வேறு. வேண்டாம் என்றது டேட்டாபேஸுக்கு. பலூன் சாதனத்தை வைத்துக்கொள்ளுங்கள், செட்மெம்மைத் தொடாதீர்கள். அதிலேயே ஃப்ரீ பேஜ் ரிப்போர்ட்டிங் என்று ஒன்று உண்டு, அதை ஆன் செய்யுங்கள். கெஸ்ட் விட்டுவிட்ட பக்கங்களை யாரும் கேட்காமலேயே ஹோஸ்ட்டுக்குத் தெரிவிக்கும். கெஸ்ட்டில் லினக்ஸ் 5.7-ம் ஹோஸ்ட்டில் க்யூஎமு 5.1-ம் அதற்கு மேலும் இருக்க வேண்டும். மெஷின் புதிதாக ஏறும்போது உண்மையில் தொட்ட அளவுதான் ஹோஸ்ட்டில் போகும், அதனால் 20 என்ற கணக்கு காகிதத்தில்தான்.

அடுத்தது கேஎஸ்எம், ஹோஸ்ட் கெர்னலில் உள்ள ஒரு வசதி. பத்தும் ஒரே டெபியன் என்பதால் ஒரே மாதிரியான பக்கங்கள் நிறைய இருக்கும், அவற்றை ஹோஸ்ட் ஒன்றாக்கிவிடும். தேடுவதற்குக் கொஞ்சம் சிபியு எடுக்கும். அந்நியர்கள் பகிர்ந்துகொள்ளும் சர்வரில் பாதுகாப்பு காரணமாக அதை அணைத்து வைப்பார்கள், உங்கள் வகுப்புக்கு அந்தக் கவலை இல்லை. ஹியூஜ் பேஜ் (பெரிய அளவுப் பக்கங்கள்) ஒதுக்கிய மெஷினில் கேஎஸ்எம் வேலை செய்யாது, அதனால் ஹியூஜ் பேஜை விட்டுவிடுங்கள். ஹோஸ்ட்டுக்கு 2 ஜிபியாவது எப்போதும் மீதி இருக்கட்டும். எஸ்எஸ்டி இருந்தால் அதில் ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) வையுங்கள். பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் கம்பைல் செய்யும் நாளில் விஎம்ஸ்டாட் கட்டளையில் ஸ்வாப் உள்ளே வெளியே போகும் பத்தியைப் பார்த்து எழுதுங்கள், எத்தனை மெஷின் தாங்கும் என்று அதை வைத்துச் சொல்கிறேன்.