பக்கிங்ஹாம் கால்வாயோட தெற்கு முனை: மரக்காணம் பக்கம் இருக்கவங்க கொஞ்சம் உதவுங்க

வணக்கம் எல்லாருக்கும். பக்கிங்ஹாம் கால்வாய் ஆந்திராவுல பெத்தகஞ்சாம்ல ஆரம்பிச்சு மரக்காணம் வரைக்கும் 420 கிலோமீட்டர், அதுல சென்னைக்கு தெற்க மிச்சம் இருக்கறத பைக்லயும் நடந்தும் பாத்துட்டு வரேன்.

சிட்டிக்குள்ள பறக்கும் ரயில் தூண எல்லாம் கால்வாய்க்குள்ளயே நட்டு வச்சிருக்காங்க, அதப் பத்தி பேசாம இருக்கறதே நல்லது. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வரைக்கும் சிக்கல் இல்ல, தண்ணியே வழி காட்டிடுது. பாலாறு தாண்டுன பிறகுதான் தகராறு. கழிவெளியும் (கடல்தண்ணி ஏறி நிக்கற சதுப்பு) உப்பளமும் கலந்து கெடக்கு, எது வெட்டுன கால்வாய் எது உப்பளத்து வாய்க்கால்னு பிரிக்கவே முடியல.

சேட்டிலைட் மேப்ல நேர்கோடா போற கரைய குறிச்சுகிட்டு போன மாசம் ரெண்டு ஞாயித்துக்கிழமை போனேன், ஒரு தடவ முழங்கால் சேறு, இன்னொரு தடவ கருவேல முள்ளு குத்தி டயர் பஞ்சர். பழைய மேப்பும் பாத்தாச்சு, ஸ்கேன் மங்கலா இருக்கு. உப்பளத்துல கேட்டா 65, 66 புயலுக்கு அப்புறம் படகே வரலன்னு ஒரு பெரியவர் சொன்னாரு, உப்பு ஏத்துன படகுத்துறை எங்கன்னு அவருக்கும் தெரியல.

தேடறது செங்கல் கட்டுமானம், லாக் கதவு (படகு போக தண்ணி மட்டத்த ஏத்தி இறக்கற கதவு) மாட்டுன சுவர், படகு கட்டுற கல்லு இந்த மாதிரி.

மரக்காணத்துல உப்பு ஏத்துன படகுத்துறை எந்த இடத்துல இருந்துச்சு, அங்க இப்ப ஏதாவது மிச்சம் இருக்கா?