ரிதம் கேமில் சரியா அடிச்சாலும் 'லேட்': டிவியா, சவுண்ட்பாரா?

கேள்வி
கன்சோல் டிவியில், சத்தம் சவுண்ட்பாரில். தாமதத்தைக் கேமே அளந்து சரிபண்ற ஆட்டோ கேலிப்ரேஷன் ஒரு தடவை 40 மில்லிசெகண்ட் காட்டுது, அடுத்த தடவை 75. தாளத்தோடு அடிச்சாலும் 'லேட்'னு வருது. நோட்டு நெருக்கமா வர்ற இடத்தில் ஃபிரேம் ரேட்டும் இறங்குது. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில் 1
கேலிப்ரேஷனை இப்போ தொடாதீங்க, அது கடைசி வேலை. முதலில் டிவியில் கேம் மோடு போடுங்க, மோஷன் ஸ்மூத்திங்கை அணைச்சிடுங்க. இடையில் செருகுற ஃபிரேமை உருவாக்க டிவி அடுத்த ஃபிரேமுக்காகக் காத்திருக்கும்; படம் பின்தங்கும். கன்சோலின் ஆடியோ அவுட்புட்டை டால்பியிலிருந்து லீனியர் பிசிஎம்முக்கு (சுருக்காத ஆடியோ) மாத்துங்க. சவுண்ட்பாரில் சரவுண்ட் எஃபெக்ட் வேண்டாம், லிப்சிங்க் (சத்தத்தைத் தாமதிக்கிற அமைப்பு) 0-வில் இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் இந்த வகை கேமுக்கு ஆகவே ஆகாது. ப்ளூடூத் ஆடியோவைச் சுருக்குற சாதாரண எஸ்பிசி கோடெக்கில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் போயிடும்.

அப்புறம்தான் கேலிப்ரேஷன்: கண்ணை மூடிக்கிட்டு, காதை மட்டும் நம்பி ஆடியோ டெஸ்ட். அடுத்தது சத்தத்தை மியூட் பண்ணி வீடியோ டெஸ்ட். ரெண்டையும் சேர்த்துப் பண்ணினா மூளை ரெண்டுக்கும் நடுவில் சமரசம் பண்ணிக்கும், எண் தாவும். ஆஃப்செட்டில் (தாமதத்தைச் சரிக்கட்டக் கேமில் வைக்கிற எண்) பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம்ங்கிறது கேமுக்கு கேம் மாறும். அதனால் பழகின ஒரு பாட்டில் அந்த எண்ணை 10, 10-ஆ நகர்த்தி, 'ஏர்லி'யும் 'லேட்'டும் ஏறக்குறைய சமமா விழுற இடத்தில் நிறுத்துங்க.

பதில் 2
ஃபிரேம் இறங்குறதை எந்த எண்ணாலும் சரிக்கட்ட முடியாது. நிலையான தாமதத்தைத்தான் கழிக்கலாம். நொடிக்கு 60 ஃபிரேம்னா ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட், 30-இல் 33.3, பாட்டுக்குள்ளேயே இது மாறினா ஆஃப்செட்டுக்கு அர்த்தமில்லை. பெர்ஃபார்மன்ஸ் மோடு போட்டு, பின்னணி வீடியோவை அணைங்க. கேமும் டிவியும் 120 ஹெர்ட்ஸ் தாங்கினா ஒரு ஃபிரேம் 8.3-தான்.

இன்னொண்ணு: தொடக்கத்தில் சரியா இருந்து போகப்போக விலகினா, அது கேலிப்ரேஷன் கோளாறே இல்லை. கேம் ஆடியோ கடிகாரத்தைப் பார்க்காம ஃபிரேமை எண்ணுதுன்னு அர்த்தம். 60-ன்னு எண்ணி 59.94-இல் ஓடினா, 3 நிமிஷத்தில் 180 மில்லிசெகண்ட் விலகும்.

கேள்வி கேட்டவர்
பிசிஎம் மாத்தினதும் எண் 30-இல் நிலையா நிக்குது, நன்றி. ஆனா பட்டன் அழுத்தும் 'டக்' சத்தம் மட்டும் இன்னும் பிந்தியே வருது.

பதில் 1
அது பிந்தித்தான் வரும். எந்த நோட்டு எப்போ வரும்னு கேமுக்குத் தெரியும், அதனால் பாட்டோடு அதை நகர்த்திப் பொருத்த முடியுது. நீங்க எப்போ அழுத்துவீங்கன்னு அதுக்குத் தெரியாது; அழுத்தின பிறகுதான் சத்தம் கிளம்பி, சவுண்ட்பாரைத் தாண்டி வரணும். டேப் சவுண்டை (அந்த 'டக்') 0 ஆக்கிட்டுப் பாட்டை மட்டும் கேட்டு அடிங்க. அந்தச் சத்தமே வேணும்னா, கன்ட்ரோலரில் ஜாக் இருந்தா வயர் ஹெட்ஃபோனைச் செருகிட்டு, ஆடியோ டெஸ்டை மறுபடி எடுங்க.