மறு: சவ்வூடு வடிப்பா, ஆவிவடிப்பா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். ‘Membrane distillation’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது. சூடான உப்புநீரிலிருந்து ஆவியை மட்டும் ஒரு சவ்வின் வழியே கடத்தி நன்னீராக்கும் முறை அது. நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்:

> ‘சவ்வூடு பரவல்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. அதே போக்கில் இதைச் ‘சவ்வூடு வடிப்பு’ என்றால் என்ன?

காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உவர்நீக்கம் (உப்புநீரை நன்னீராக்குவது) படிக்கும் மாணவர் இரண்டையும் ஒரே பக்கத்தில் பார்ப்பார். எதிர்ச் சவ்வூடு பரவலில் (RO) கடல்நீரை 55 முதல் 70 பார் அழுத்தத்தில் தள்ளுகிறோம். அங்கே சவ்வைக் கடப்பது தண்ணீர். இங்கேயோ தண்ணீர் தண்ணீராகவே சவ்வைக் கடந்துவிட்டால் வேலை கெட்டது. ஆவி மட்டும்தான் கடக்க வேண்டும். இந்த வேறுபாடு பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் பிடிவாதம்.

குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் நாடாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். இந்தச் சவ்வுகளிலும் பல அதே பொருளால் ஆனவைதாம், ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான துளைகளோடு. ஒரு பக்கம் சூடான உப்புநீர், மறுபக்கம் குளிர்ந்த நன்னீர். உப்புநீர் துளையின் வாயிலேயே நின்றுவிடும். ஆவி உள்ளே புகுந்து அந்தப் பக்கம் போய்க் குளிர்ந்து நீராகும். 60 பாகை செல்சியசில் நீரின் ஆவியழுத்தம், 20 பாகையில் இருப்பதைப்போல் எட்டு மடங்குக்கும் மேல். அந்த வேறுபாடுதான் ஆவியை நகர்த்துகிறது. கொதிக்க வைக்கத் தேவையே இல்லை.

அதனால்தான் ‘சவ்வுக் காய்ச்சி வடிப்பு’ எனக்கு ஒப்பவில்லை. காய்ச்சுவது என்றாலே கொதிதான் நினைவுக்கு வரும். சரி, வெறும் ‘சவ்வு வடிப்பு’ போதாதா? வடிகட்டி, வடிகால், கண்ணீர் வடிதல் எதிலும் ஆவி இல்லையே. படிப்பவர் இதை வடிகட்டல் என்றே எடுத்துக்கொள்வார். ‘வாலைவடிப்பு’ எனக்கு மிகவும் பிடித்த சொல். சித்த மருத்துவத்தில் திராவகம் இறக்கும் கலம் வாலை. பொதுவாக ஆவியாக்கி வடிப்பதற்கெல்லாம் அதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே வாலையின் இடத்தில் சவ்வு இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் எதில் வடிக்கிறோம் என்ற கேள்வி எழும்.

பெயர்க் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததல்ல. 1960களில் தொடங்கிய இம்முறைக்கு ஆய்வாளர்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். 1986இல் ரோமில் கூடித்தான் ‘membrane distillation’ என்ற ஒரே பெயருக்கு இசைந்தார்கள். அதோடு எது இம்முறை, எது அல்ல என்றும் வரையறுத்தார்கள்: சவ்வில் துளைகள் இருக்க வேண்டும், நீர்மம் அதை நனைக்கக் கூடாது, துளைவழியே ஆவி மட்டுமே போக வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை ‘சவ்வு ஆவிவடிப்பு’. உப்புநீர் துளைக்குள் இறங்கி மறுபக்கம் கசிவதுதான் இம்முறையின் பெரிய தொல்லை. அதற்குத் ‘துளைநனைவு’ என்று வைக்கலாம். வகைகளும் எளிதாக அமைகின்றன: நேர்த்தொடு ஆவிவடிப்பு, காற்றிடைவெளி ஆவிவடிப்பு, வெற்றிட ஆவிவடிப்பு. நான்காவது வகையில்தான் தடுமாறுகிறேன். அதில் சவ்வின் மறுபக்கம் ஒரு வளி ஓடி, வரும் ஆவியை வாரிக்கொண்டு வெளியே போகும், ஆவி நீராக மாறுவது அங்கேதான். ‘வாரிவளி’ என்று எழுதிப் பார்த்தேன். வாரி என்றால் கடல், நீர் என்றும் பொருள் உண்டே, அப்புறம் அது வேறு குழப்பம். ‘ஏந்துவளி’ பொருந்துமா? வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்